தசை ஆக்ஸிஜன் சென்சார்: எண்ணை விடுங்கள், கோட்டைப் பாருங்கள்

தொடையில் கட்டிக்கொள்ளும் தசை ஆக்ஸிஜன் சென்சாரை வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அகச்சிவப்புக்குப் பக்கத்து ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அதை வேறு வேறு அளவில் உறிஞ்சுவதை வைத்து ஒரு சதவீதம் காட்டும். எல்லோரும் அந்தச் சதவீதத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். ஒரு விரல் தள்ளிக் கட்டினாலே எண் மாறும், தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாக இருந்தால் ஒளி தசைக்குப் போய்ச் சேர்வதே குறைந்துவிடும், இதில் பக்கத்து ஆளின் எண்ணோடு ஒப்பிடுவதெல்லாம் சுத்த வீண்.

பார்க்க வேண்டியது, அந்தச் சதவீதம் நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு போகும் போக்கை. உடற்பயிற்சி சைக்கிளில் ஒரே வாட்டில், அதாவது மிதிக்கும் சக்தி மாறாமல், ஐந்தாறு நிமிடம் மிதியுங்கள். உடம்பு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டைத்தான் வரம்பு என்கிறேன்; அந்த வரம்புக்குக் கீழே இருக்கும்வரை கோடு முதலில் இறங்கி அப்புறம் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். படிப்படியாக 15, 20 வாட் கூட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒரு படியில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும், கால் எரிச்சலும் மூச்சிரைப்பும் அங்கேதான் சேர்ந்துகொள்ளும். கடைசியாக நின்ற படிக்கும் முதலில் சரிந்த படிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது வரம்பு. அதையே ஒற்றை எண்ணாக அடித்துச் சொல்லும் ஆப்பை நான் நம்புவதில்லை.

பட்டையை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே தடைப்பட்டுக் கோடு பொய்யாக இறங்கும். சீட்டிலிருந்து எழுந்து மிதித்தாலோ வேலையில் ஒரு பங்கு வேறு தசைக்குப் போய்விடும், இது பாட்டுக்கு வேறு கதை சொல்லும். ஒரே ஒரு தசையின் ஒரு சிறு பகுதிதான் இதற்குத் தெரியும், முழு உடம்பு அல்ல. முழு உடம்புக்கு, கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட்டை அளக்கும் லாக்டேட் மீட்டர் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் விரலைக் குத்த வேண்டும், துளி வியர்வை கலந்தாலும் அளவு எகிறும். எல்லோருக்கும் ஒரு லிட்டர் ரத்தத்தில் 4 மில்லிமோல் லாக்டேட்தான் வரம்பு என்ற பழைய கணக்கும் சரிப்பட்டு வராது, ஆளுக்கு ஆள் மாறும்.

தோலில் எலக்ட்ரோடு ஒட்டித் தசையின் மின் சமிக்ஞையை அளக்கும் இஎம்ஜி வழியும் உண்டு. களைக்கக் களைக்க அதே வாட்டுக்குத் தசையின் மின் சமிக்ஞை ஏறிக்கொண்டே போகும், அப்படி ஏறாமல் இருக்கும் உச்ச வாட்தான் வரம்பு என்று 1980களில் டிவ்ரீஸ், மொரிடானி போன்ற ஆய்வாளர்கள் வகுத்த முறை அது. யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் வியர்வையில் வழுக்கும் எலக்ட்ரோடோடு வீட்டில் மல்லுக்கட்ட என்னால் ஆகாது.

வாட் மீட்டர் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். வாட் தெரியாமல் இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.