கவுன்சிலிங் ஆன்லைன்லயா நேர்லயா: ஒன்றரை வருஷம் ரெண்டும் பாத்தவனோட புலம்பல்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "மச்சான், கவுன்சிலிங் போலாம்னு இருக்கேன், ஆன்லைன்ல எடுக்கவா நேர்ல போகவா?" அப்பதான் நான் ஒரு ஆப்ல 10 செஷன் பேக்கேஜ் வாங்கி எட்டாவது நாள், அதே பேக்கேஜ்ல 2,000 ரூபா குறைச்சிருந்தானுங்க. அந்தக் கடுப்புல "நேர்ல போடா"ன்னு முடிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா கொஞ்சம் அநியாயமா பட்டுச்சு.

ஆன்லைன்ல ஒரு வருஷம் பேசுனேன். கவுன்சிலர் மேடத்த குறையே சொல்ல முடியாது, மூணு மாசம் முன்னாடி போற போக்குல சொன்னத கூட ஞாபகம் வெச்சு கேப்பாங்க. என் பிரச்சன வீடு. சேலையூர்ல ரெண்டு பெட்ரூம், நாலு பேரு, நான் பேச வேண்டியது அப்பாவப் பத்தி, அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நியூஸ் பாத்துட்டு இருக்காரு. இயர்ஃபோன் மாட்டிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க, மேடம் பேசறது வெளிய கேக்காது சரி, நான் பேசறது கேக்குமே! அதனால மொட்ட மாடி. அங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி வடாம் காய வெப்பாங்க. ஒரு நாள் அழுதுட்டே பேசிட்டிருக்கேன், நெட்டு நின்னு மேடம் மூஞ்சி பாதி சிரிச்ச மாதிரி அப்படியே நின்னுடுச்சு. முடிச்சுட்டு கண்ண தொடச்சுட்டு கீழ இறங்குனா அம்மா, "யார்கிட்டடா இவ்ளோ நேரம், மோட்டார ஆஃப் பண்ணியா?"

அந்தக் கடுப்புலதான் நுங்கம்பாக்கத்துல ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட நேர்ல ஆறு மாசம் போனேன். அவரு முதல் நாளே என் கால் ஆடறதயும் வாட்ச் தொளதொளன்னு கெடக்கறதயும் பாத்துட்டு எடை குறைஞ்சிருக்கான்னு கேட்டு சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட அனுப்புனாரு, அவங்க தைராய்டு டெஸ்ட் எழுதுனாங்க. (சைக்காலஜிஸ்ட் மாத்திர எழுதித் தர முடியாது, அது சைக்கியாட்ரிஸ்ட் வேல, பல பேரு இத போட்டுக் குழப்பிக்கறாங்க.) வீடியோவுல ஒரு வருஷமா கழுத்துக்கு மேலதான தெரிஞ்சேன்.

ஆனா எனக்கு நேர்ல போனதுல ரொம்பப் பிடிச்சது திரும்பி வர்ற ட்ரெயின்தான். நுங்கம்பாக்கத்துல ஏறி தாம்பரம் வரைக்கும் யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. ஜன்னலோரம் எடம் கெடச்சா மூஞ்சிய வெளிய திருப்பிக்கலாம். சைதாப்பேட்ட வரைக்கும் மனசு கனமா இருக்கும், பல்லாவரம் வந்தா பசிக்கும், வீட்டுக்குள்ள நுழையறப்போ மோட்டாரப் பத்தி பேசற அளவுக்கு மனுஷனாயிருப்பேன். சத்தியமா ஃபீஸ்ல பாதி அந்த ட்ரெயினுக்குத்தான் குடுக்கணும்.

நடுராத்திரிக்கு ரெண்டுமே உதவாது. 14416ன்னு டெலி மானஸ் மனநல ஹெல்ப்லைன் இருக்கு, அரசாங்கத்தோடது, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். ஒரு தடவ ரெண்டு மணிக்கு கூப்பிட்டேன், அந்தப் பக்கம் இருந்தவங்க அவசரப்படாம கேட்டாங்க.

இவ்ளோ சொல்லிட்டு ஏன்டா மறுபடி ஆன்லைன் பேக்கேஜ் வாங்குனன்னு கேப்பீங்க. ஆபீஸ்ல சனிக்கெழமயும் வேலன்னு ஆக்கிட்டாங்க. அதவிட, மேடத்துக்கு ஏற்கெனவே அப்பா கத தெரியும். 2,000 ரூபாயப் பத்தி ஆப்ல கேட்டதுக்கு ரோபோ மாதிரி ஒரு "நன்றி" வந்துச்சு, அதோட சரி, எரியுது.

ஃப்ரெண்டுக்கு இன்னும் "நேர்ல போடா"தான் பதில். எனக்கு ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு செஷன், அஞ்சரைக்கே மோட்டார ஆஃப் பண்ணிடணும்.