சர்க்கரையோடு கர்ப்பம்: என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனையா, விரிவான ஸ்கேனா?

எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை. கர்ப்பம் உறுதியானதுமே டாக்டர் ஃபைலின் மேல் 'ஹை ரிஸ்க்' என்று எழுதிவிட்டார். "ரத்தம் கொடுத்தால் போதும், என்.ஐ.பி.டி. எல்லாத்தையும் சொல்லிடும்" என்றார் நாத்தனார். தாயின் ரத்தத்தை வைத்தே குழந்தையின் குரோமோசோம்களில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில்) கோளாறு இருக்குமா என்று கணிக்கும் பரிசோதனை அது. நாற்பதை ஒட்டிய வயதில் அதைச் செய்துகொண்டவர் நாத்தனார். டாக்டரோ ஐந்தாம் மாதம் திருச்சிக்குப் போய், ஃபீட்டல் மெடிசின் (கருவிலுள்ள குழந்தைக்கான மருத்துவம்) நிபுணரிடம் அனாமலி ஸ்கேனும் (உறுப்புகளின் அமைப்பில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது) ஃபீட்டல் எக்கோவும் (குழந்தையின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் செலவு செய்யக் கை தாங்காது. நாங்கள் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டிலும் குழந்தைக்கு ஆபத்தில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் கேட்டது பத்தாயிரத்துக்கு மேல். இரண்டு ஸ்கேனும் சேர்ந்தே அதைவிடக் குறைவு. ஆணா பெண்ணா என்று இரண்டிலும் சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி. சில வீடுகளில் என்.ஐ.பி.டி. மேல் இவ்வளவு ஆசை எதற்கு என்பதும் தெரிந்ததுதான், அதை விடுங்கள்.

விஷயம் ஒன்றுதான்: உங்களுக்கு 'ஹை ரிஸ்க்' எதனால் வந்தது? வயதால் வந்ததா, சர்க்கரையால் வந்ததா? தாய்க்கு வயது கூடினால் குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு வரும் வாய்ப்பு கூடும். 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம். 35 வயதில் அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 350-இல் ஒன்று. 40-இல் 100-இல் ஒன்று. என்.ஐ.பி.டி. கெட்டிக்காரத்தனம் காட்டுவது இங்கேதான். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணி, 21, 18, 13 ஆகிய குரோமோசோம்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. டவுன் சிண்ட்ரோமை 100-க்கு 99 என்ற அளவில் கண்டுபிடித்துவிடும்.

சர்க்கரையின் கதை வேறு. இதயமும் முதுகெலும்பும் உருவாவது முதல் இரண்டு மாதங்களில். அப்போது சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் அடி விழுவது உறுப்புகளின் அமைப்பில். சாதாரணமாக 100 குழந்தைகளில் ஒன்றுக்கு இதயக் குறை இருக்கும் என்றால், முன்பே சர்க்கரை உள்ள தாய்மாருக்கு அது 3 முதல் 5 வரை போகிறது. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் குரோமோசோம் சரியாகவே இருக்கும். ரத்தப் பரிசோதனை 'லோ ரிஸ்க்' என்று சொல்லும், இதயத்தில் ஓட்டையும் இருக்கும், இரண்டும் உண்மை. (கர்ப்பத்தின் பிற்பாதியில் வரும் சர்க்கரைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்குள் இதயம் உருவாகி முடிந்திருக்கும்.)

எனக்கு மூன்றாம் மாத என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் பின்கழுத்து நீரை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் 'லோ ரிஸ்க்' என்று வந்திருந்ததால் குரோமோசோம் பயம் பெரிதாக இல்லை. அவை வேறு மாதிரி வந்திருந்தால் என் முடிவும் மாறியிருக்கலாம்.

சரி, ஸ்கேன்தானே, பக்கத்துத் தெருவிலேயே எடுக்கலாமே என்று அத்தை கேட்டார். எடுக்கலாம். ஆனால் இதயத்தின் நான்கு அறைகளை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று எழுதினால் போதாது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போக வேண்டும். அவை இடம் மாறி இணையாகப் போனால், பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தை நீலம் பாரிக்கலாம். அப்போதும் நான்கு அறைகள் திரையில் ஒழுங்காகவே தெரியும். முன்பே தெரிந்தால், குழந்தைகள் இதய சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொண்டு, பிறந்ததும் மருந்து ஏற்றி, பிறகு அறுவை சிகிச்சை செய்யலாம்.

எனக்கு எக்கோ எடுத்தபோது குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. "பாப்பா திரும்பல, கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார்கள். திரும்பி வந்து படுத்ததும் சிவப்பும் நீலமும் குறுக்கே பாய்வதைக் காட்டி, இரண்டு குழாய்களையும் டாக்டர் தனித்தனியாக அளந்தார். வயிற்றில் கொழுப்பு தடிப்பாக உள்ளவர்களுக்குப் படம் மங்கும். இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

காலம் என்று பார்த்தால் என்.ஐ.பி.டி.தான் முந்தும், 10-ஆவது வாரத்திலேயே எடுக்கலாம். ஆனால் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. பனிக்குட நீர் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அனாமலி ஸ்கேனை 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பார்கள். கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பின், குழந்தைக்குக் கடுமையான குறை இருந்தால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதல் தந்தால் போதும். அதற்கு மேல், கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். நடுவில் பனிக்குட நீர்ப் பரிசோதனை முடிவுக்கே இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். அதனால் நாங்கள் 19-ஆவது வாரத்துக்கே தேதி வாங்கினோம்.

ஸ்கேனும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. சிறு ஓட்டைகள் தப்பும். சர்க்கரையால் இதயச் சுவர் தடிப்பது கடைசி மாதங்களில்தான் தெரியும், அதற்காக எனக்கு எட்டாம் மாதம் இன்னொரு எக்கோ எழுதியிருக்கிறார்கள். இரட்டைக் குழந்தைகள் என்றாலோ, வயதும் சர்க்கரையும் சேர்ந்திருந்தாலோ என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுமே தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்கள். தேதி வாங்கும்போதே, "இதயத்திலிருந்து கிளம்பும் குழாய்களையும் பார்ப்பீர்களா?" என்று போனில் கேட்டுவிடுங்கள்.