முழுப் பருத்தி என்று விற்கப்பட்ட நூல்: குழந்தைகளுக்குப் பின்னுவோர் கவனத்திற்கு

கைக்குழந்தைகளுக்குப் போர்வையும் பொம்மையும் குரோஷேயில் பின்னிப் பரிசளிப்பவர்கள், அடுத்த நூலை வாங்குவதற்கு முன் இந்தப் பதிவைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘100 விழுக்காடு பருத்தி, பிறந்த குழந்தைக்கு ஏற்றது’ என்ற விவரிப்பை நம்பி இணையத்தில் நூல் வாங்கினேன். 8 வாரங்கள் அதில் பின்னி, ஒரு போர்வையையும் ஒரு முயல் பொம்மையையும் இரண்டு தோழிகளின் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்ட பிறகுதான் அது முழுப் பருத்தி அல்ல என்று தெரியவந்தது. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே படங்களும் அதே விவரிப்பும் வேறு வேறு கடைப்பெயர்களில் இருப்பதைப் பின்னர் பார்த்தேன். ஆகவே ஒரு பெயரை மட்டும் தவிர்ப்பதால் பயனில்லை, நூலைச் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்வை கேட்ட தோழியின் மூத்த குழந்தைக்கு எக்ஸிமா என்னும் தோல் அழற்சி இருந்தது. அதனால், இரண்டாவது குழந்தைக்கு எதைப் பின்னினாலும் பருத்தியில் மட்டும் பின்னும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார். எனக்கு வந்த நூலில் இருந்த அக்ரிலிக் என்னும் செயற்கை இழையை நான் குறை கூறவில்லை. அது விரைவில் உலரும், சாயம் நன்றாகப் பிடித்திருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். குழந்தைப் போர்வைக்கு அதையே விரும்பி வாங்குவோரும் இருக்கிறார்கள். ஆனால் எந்த இழை என்பதை வாங்குபவர் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தாய் காரணத்தோடு கேட்ட ஒன்றை, உறையில் ஒரு பொய்யை அச்சிட்டு ஒருவர் மாற்றிவிட்டார் என்பதே என் குற்றச்சாட்டு.

ஓர் உருண்டை 50 கிராம், 125 மீட்டர் என்று உறையில் இருந்தது. 90 சென்டிமீட்டர் சதுரப் போர்வைக்கு 10 உருண்டைகள் போதும் என்று கணக்கிட்டு, முயலுக்கும் சேர்த்து 12 வாங்கினேன். அடர்நீலம் பாதி, வெள்ளை பாதி. 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னத் தொடங்கியபோதே வெள்ளை நூல் ஊசியில் உரசி மெல்லக் கிறீச்சிட்டது. பருத்தியில் அந்த ஒலியை நான் கேட்டதில்லை. இருந்தும், புது நூல் என்பதால் அப்படி இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காவது நீல உருண்டையைச் சேர்த்தபோது நிறம் ஒரு சாயல் மாறியது. ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் சாயமேற்றிய நூல்களுக்கு ஒரே ‘டை லாட்’ எண் இருக்கும். வெவ்வேறு எண்ணுள்ள உருண்டைகளைக் கலந்தால் நிறம் வரிவரியாகத் தெரியும். எல்லா உறைகளிலும் ஒரே எண் இருந்ததால் எனக்கு ஐயம் எழவில்லை. உறைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், அந்த எண் அச்சிட்ட சிறு தாள் வேறோர் எண்ணின் மேல் ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது. முடிவில் முயலுக்கென ஒதுக்கிய நூலிலிருந்தும் போர்வைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. கணக்குத் தவறியது ஏன் என்று அப்போதே மீதி உருண்டையைத் தராசில் வைத்திருந்தால் விடை கிடைத்திருக்கும்: பிரிக்காமல் இருந்த ஒரே உருண்டை உறையோடு சேர்த்தே 43 கிராம்தான் இருந்தது.

போர்வையைக் கொடுத்த இரண்டாம் வாரம் தோழி தொலைபேசியில் அழைத்தார். என் மனம் நோகக்கூடாதே என்று சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, முதல் முறை துவைத்தபோதே வெள்ளைப் பகுதி முழுவதும் நீலம் இறங்கிவிட்டதாகவும், குழந்தை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிய பிறகு உதட்டோரம் நீலமாக இருந்ததாகவும் சொன்னார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு அன்றிரவு என்னால் உறங்க முடியவில்லை. மறுநாளே முயலைப் பெற்ற தோழியையும் அழைத்து, அதைக் குழந்தையிடமிருந்து உடனே எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அன்போடு கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது எத்தனை கடினமானது என்பதைப் பின்னிக் கொடுப்பவர்கள் அறிவார்கள்.

அதன் பிறகு, முன்பே செய்திருக்க வேண்டிய சோதனைகளைச் செய்தேன். அவற்றில் தீச்சோதனை தெளிவான விடை தரும். ஒரு விரல் நீள நூலை இடுக்கியால் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு, ஒரு முனையைச் சுடரில் காட்ட வேண்டும். பருத்தியானால் உடனே பற்றி எரியும், காகிதம் கருகும் மணம் வரும், மிஞ்சுவது தொட்டால் உதிரும் மென்மையான சாம்பல். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு மெல்ல எரிந்து, சுடரை விலக்கியதும் பெரும்பாலும் அணைந்துவிடும். அக்ரிலிக் சுடரின் அருகிலேயே சுருங்கி, உருகி, புகைவிட்டு எரிந்து, ஆறிய பின் நசுக்க முடியாத கரிய மணியாக இறுகும். உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் கையில் பிடித்துச் செய்யக் கூடாது. என் வெள்ளை நூல் அப்படியே கரிய மணியாயிற்று. நீல நூலில் சாம்பலும் மணியும் கலந்து மிஞ்சின; அது கலப்பு நூல். சாயத்திற்கான சோதனை இதைவிட எளியது: ஈர வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேய்த்தாலே போதும். என் துணி மூன்று தேய்ப்பில் நீலமானது.

விற்பவருக்குப் படங்களோடு எழுதினேன். வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பதில் வந்தது. இது பலரும் நம்புகிற, ஆனால் இங்கே பொருந்தாத அறிவுரை. கம்பளிக்கும் பட்டுக்கும் பயன்படுத்தும் அமிலச் சாயங்கள் பிடிப்பதற்கு வினிகர் உதவும். பருத்தியில் ஏற்கெனவே சரியாகப் பிடிக்காமல் விட்ட சாயத்தை அது நிறுத்தாது. இதை விளக்கி எழுதியதும், உறை பிரித்த நூலைத் திரும்பப் பெற இயலாது என்றார்கள். பிரித்துப் பின்னாமல் நூலின் குறை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குப் பதிலே வரவில்லை. நான் இட்ட மதிப்புரையும் இரண்டு நாளில் காணாமற்போனது.

விற்பனைப் பக்கத்தில், நூலிலும் துணியிலும் தீங்கான வேதிப்பொருள்கள் உள்ளனவா என்று சோதித்து வழங்கும் ‘ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100’ சான்றிதழின் படம் ஒன்று இருந்ததுதான் நான் நம்பியதற்கு முதற்காரணம். அந்தச் சான்று உண்மையானது, மதிப்புள்ளது. அதன் முதல் வகுப்பு 3 வயது வரையிலான குழந்தைகளுக்குரிய பொருள்களுக்கானது. எச்சிலிலும் வியர்வையிலும் சாயம் இறங்குகிறதா என்பதையும் சோதித்த பிறகே அது வழங்கப்படுகிறது. ஒவ்வொரு சான்றிலும் ஓர் எண்ணும் சோதித்த ஆய்வகத்தின் பெயரும் இருக்கும். அந்த எண்ணை ஓக்கோ-டெக்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் இட்டுப் பார்க்கலாம். நான் படத்தைப் பார்த்தேனே தவிர எண்ணை இட்டுப் பார்க்கவில்லை. பின்னர் பார்த்தபோது அது வேறொரு நிறுவனத்தின் படுக்கை விரிப்புகளுக்கு வழங்கப்பட்டது என்று வந்தது.

அந்தப் பொட்டலத்தில் இலவசமாகப் பிளாஸ்டிக் பொம்மைக் கண்களும் வந்தன. ‘கைக்குழந்தைக்குப் பாதுகாப்பானது’ என்று அதிலும் எழுதியிருந்தார்கள். நூல் அளவுக்கு இதைப் பற்றியும் அஞ்சுகிறேன். சேஃப்டி ஐ என்று பெயர் இருந்தாலும், கண்ணைத் துணியின் உட்புறத்தில் பிடித்திருக்கும் வளையம் உறுதியாகவே நின்றாலும், குரோஷேத் துணி இழுக்க இழுக்க விரியும் என்பதால் கண் முழுதாக வெளியே வந்துவிடக்கூடும். குழந்தையின் தொண்டையில் சிக்குவதற்கு அந்த அளவே போதும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் கண்ணையும் மூக்கையும் நூலால் தைத்துவிடுவதே முறை. நல்ல வேளையாக, என் முயலுக்குக் கண்களைத் தைத்திருந்தேன்.

பணத்தைப் பொறுத்தவரை, வங்கி வழியாக ‘பொருள் விவரிப்புக்கு மாறானது’ என்று முறையிட்டேன். பிரிக்காத உருண்டை தராசில் இருக்கும் படம், எண்ணின் மேல் எண் ஒட்டிய உறை, தீச்சோதனையில் மிஞ்சிய மணி, சான்றிதழ் எண்ணைத் தேடிய பக்கம், விற்பவரோடு நடந்த உரையாடல் முழுவதும் ஆகியவற்றை இணைத்ததால் தொகை திரும்பக் கிடைத்தது. உறைகளை எறியாமல் வைத்திருந்தது அப்போதுதான் பயன்பட்டது. முதலில் பின்னும் உருண்டையின் உறையையாவது பரிசைக் கொடுத்துச் சில மாதங்கள் ஆகும் வரை வைத்திருங்கள். துவைக்கும் முறையைத் தாய்க்குச் சொல்வதற்கும் அதுவே தேவைப்படும்.

போர்வையைப் பிரித்து நூலை வேறெதற்காவது பயன்படுத்தலாமே என்று சிலர் சொன்னார்கள். சாயம் போகும் நூலை எந்தக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் அனுப்ப மனம் ஒப்பவில்லை; அதை நானே வைத்துக்கொண்டேன்.

தோழிக்கு வேறொரு போர்வையைத் தொடங்கியிருக்கிறேன். இம்முறை ஓர் உருண்டை மட்டும் வாங்கி, எடை பார்த்து, எரித்துப் பார்த்து, 10 சென்டிமீட்டர் சதுர மாதிரி ஒன்றைப் பின்னி, அதை வெள்ளைத் துணியோடு சேர்த்து மூன்று முறை துவைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. மாதிரி அரை சென்டிமீட்டர் சுருங்கியது, பருத்தியில் அது இயல்புதான், அதற்கேற்பத் தையல்களைக் கூட்டிக்கொண்டேன். அதன் பிறகே மீதி உருண்டைகளை ஒரே டை லாட்டில் கேட்டு வாங்கினேன். வெள்ளை மட்டும்தான், நீலம் வேண்டாம் என்று தோழியே சொல்லிவிட்டார். இப்போது மூன்றாவது உருண்டையில் இருக்கிறேன்.