வால்வு இல்லாத டீலக்ஸ் ரிவர்ப்: முதல் பார்வை

கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றிய பேச்சில் இன்றும் அளவுகோலாக நிற்பது, ஃபெண்டர் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட டீலக்ஸ் ரிவர்ப். இரண்டு 6வி6 பவர் வால்வுகள் (ஒலிக்குறிப்பைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள்), சுமார் 22 வாட் ஆற்றல், ஒரேயொரு 12 அங்குல ஸ்பீக்கர், சுருள்கம்பியால் எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவர்ப், ஒலியளவைத் துடிக்கவைக்கும் ட்ரெமோலோ ஆகியவற்றைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதே நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவர்பில் வால்வு ஒன்றுகூடக் கிடையாது. பழைய சுற்றின் ஒவ்வொரு நடத்தையையும் ஒரு டிஜிட்டல் செயலி கணக்கிட்டுப் போலச் செய்ய, அதன் விளைவை 100 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அறுபதுகளின் நடுவில் செய்யப்பட்ட கறுப்பு முகப்பு அசல் ஒன்றையும், பிற்காலத்தில் வந்த வால்வு மறுபதிப்பு ஒன்றையும் அருகில் வைத்துக்கொண்டு இதை வாசித்துப் பார்த்தேன்.

தூக்கியவுடனேயே வேறுபாடு கைக்குத் தெரிந்துவிடுகிறது. வால்வு மறுபதிப்பு ஏறத்தாழ 19 கிலோ, இது 10.4 கிலோ. கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள் இல்லை, ஸ்பீக்கரின் காந்தம் நியோடிமியம், பெட்டி பைன் மரம். முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புதியது என்றே தெரியாது: அதே வெள்ளித் துணி, அதே கறுப்பு உறை, அதே குமிழ்கள். நடு அலைவரிசைக்கெனத் தனிக் குமிழ் இல்லாத பழைய குறையையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதைக் குறை என்று சொன்னால் பழைமை விரும்பிகள் சண்டைக்கு வருவார்கள் என்பது வேறு விஷயம்.

ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பாகம்) உள்ள கிட்டாரை இணைத்து வால்யூமை 3-இல் வைத்தால், டீலக்ஸ் ரிவர்புக்கே உரிய அந்தப் பளிச்சென்ற உச்ச ஒலியும், சற்றுக் குழிந்த நடுப்பகுதியும், இறுக்கமான அடித்தளமும் குறைவில்லாமல் கிடைக்கின்றன. இந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது எது புதியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வால்யூமை 5, 6 எனக் கூட்டி, ஒலி உடையத் தொடங்கும் விளிம்புக்கு வரும்போதுதான் வேறுபாடு தலைகாட்டுகிறது. பழைய ஆம்பில் ஒரு கார்டை, அதாவது பல சுரங்களை ஒருசேர, ஓங்கி அடித்தால் மின்வழங்கியின் அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது; அதனால் ஒலியின் முனை மழுங்கி, பின் மெல்லப் புடைத்து எழுகிறது. புதியது இதையும் போலச் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. எனினும், விரலின் அழுத்தத்தை இம்மியளவு மாற்றினால் தெளிவிலிருந்து கரகரப்புக்கு நழுவிச் சென்று திரும்பும் அந்த இடைவெளி, பழையதில் இன்னும் அகலமாக இருப்பதாகவே எனக்குப் பட்டது. எதிரே அமர்ந்து கேட்பவருக்கு இது எட்டாது. வாசிப்பவரின் கைக்கு மட்டுமே எட்டும்.

ஆனால் எந்தப் பழைய ஆம்போடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வியும் உண்டு. அக்காலத்தில் ஒரே மாதிரியில்கூட வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்பீக்கர்கள் பொருத்தப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த நிலையில், மின்னூட்டத்தைத் தேக்கும் கெபாசிட்டர்கள் வற்றி, வால்வுகள் பலமுறை மாற்றப்பட்டு, எந்த இரண்டு அசல்களும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. அசலுக்கும் மறுபதிப்புக்கும் இடையே நான் கேட்ட வேறுபாடு, மறுபதிப்புக்கும் டோன் மாஸ்டருக்கும் இடையே கேட்டதைவிடச் சிறியதன்று.

ட்ரெமோலோவில் குறை சொல்ல எதுவுமில்லை. பழையதில் ஒரு சிறு நியான் விளக்கு துடிக்க, அதன் ஒளிக்கேற்ப ஓர் ஒளியுணர் மின்தடை ஒலியின் அளவை ஏற்றி இறக்குகிறது. அந்தத் துடிப்பின் சாய்வு இதில் அப்படியே வந்திருக்கிறது. ரிவர்பும் அருமை. பெட்டியைத் தட்டினால் ஸ்பிரிங் இடிபோல் முழங்குவது மட்டும் இதில் இல்லை, மேடையில் அது இல்லாமல் இருப்பதே நல்லது.

இதை வாங்கத் தூண்டும் உண்மையான காரணம் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆற்றலை 22 வாட்டிலிருந்து 12, 5, 1, 0.5, 0.2 வாட் எனப் படிப்படியாகக் குறைக்கும் திருகு ஒன்று அங்கே உள்ளது. 22 வாட் வால்வு ஆம்பை 6-இல் வைத்து வீட்டுக்குள் வாசிக்க முடியாது. சுவருக்கு அப்பால் இருப்பவர் பொறுக்கமாட்டார். இதில் அதே கரகரப்பைப் பேச்சுக்குரல் அளவில் கேட்கலாம். மிகக் குறைந்த நிலையில் ஒலி சற்று மெலிந்துதான் போகிறது. அளவு குறையக் குறைய அடித்தள ஒலிகளைக் காது குறைவாகவே உணரும் என்பதால் இதைத் தவிர்க்க இயலாது. எனக்கு 1 வாட் நிலைதான் மிகவும் பிடித்தது. மைக் வைக்காமல் நேரடியாக மிக்சருக்கு இணைக்கும் வெளியீடும், ஸ்பீக்கரை ஊமையாக்கும் சுவிட்சும் உள்ளன. மைக்கின் இடத்தை விரலளவு நகர்த்தினாலும் ஒலி மாறிவிடும் தொல்லை இதனால் ஒழிகிறது.

நீண்ட காலப் பராமரிப்பில் நிலைமை தலைகீழ். பழைய டீலக்ஸ் ரிவர்பின் உட்பாகங்கள் கையால் சால்டர் செய்யப்பட்டவை. அதன் சுற்று வரைபடம் எங்கும் கிடைக்கிறது. விவரம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் பழுதான பாகத்தை மட்டும் மாற்றி உயிர்ப்பித்துவிடுவார். அணைத்த பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் கெபாசிட்டரில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், தெரியாதவர் திறக்கக்கூடாது. டோன் மாஸ்டரில் வால்வு மாற்றும் செலவு இல்லை. ஆனால் செயலி பழுதானால் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும், அந்தப் பலகை இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்குமா என்பதற்கு உறுதியில்லை. வாரந்தோறும் மேடையேறுபவர் தயங்காமல் இதை வாங்கலாம். நல்ல நிலையில் ஓர் அசலை வைத்திருப்பவர் இதற்காக அதை விற்க வேண்டாம்.