தனித்த இரட்டையைக் கையில் பிடிக்க ஒரு மூலக்கூறு மாதிரி செட்

ப்ளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். பந்து, குச்சி மட்டுமில்லாமல் தனித்த எலக்ட்ரான் இரட்டைகளுக்கென்று (பிணைப்பில் சேராமல் அணுவிலேயே ஜோடியாக நிற்கும் எலக்ட்ரான்கள்) பிளாஸ்டிக் இதழ்களும் இதில் உண்டு, அதுதான் பெரிய பலம். தண்ணீரைச் செய்து பாருங்கள், ஆக்சிஜனின் 6 வெளிக்கூட்டு எலக்ட்ரான்களில் 2 பிணைப்புக்குப் போக மீதி 4 எலக்ட்ரான்கள் இரண்டு இதழ்களாக நிற்கும், மூலக்கூறு ஏன் நேர்கோடாக இல்லாமல் வளைந்திருக்கிறது என்பது பார்த்ததுமே புரிந்துவிடும். அம்மோனியாவுக்கு ஒரு இதழ், மீத்தேனுக்கு எதுவும் வேண்டாம்.

குறை என்றால், துளைகள் எல்லாமே 109.5 டிகிரியில் இருக்கின்றன. தனித்த இரட்டைகள் அதிகமாக விலக்குவதால் கோணம் அம்மோனியாவில் 107, தண்ணீரில் 104.5 என்று சுருங்குவதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம், இரட்டை, மும்மைப் பிணைப்புகளுக்கான வளையும் குச்சிகள் 4 தான். கார்பன் டை ஆக்சைடு செய்தால் அதன் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கே நான்கும் தீர்ந்துவிடும், மூன்று குச்சிகள் வேண்டியிருப்பதால் பக்கத்தில் வைத்துக் காட்ட நைட்ரஜன் மூலக்கூறு செய்ய முடியாது.