எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர்: கடைக்கடையாய் ஓட்டிப் பார்த்தவனின் விமர்சனம்

கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுப்பது என் தொழில். போகிற இடமெல்லாம் மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்தான். அதோடு வந்து பின்னணியில் ஓடுகிற பிரவுசர் சர்வீஸை, பெயரைப் பார்த்து இணையம் பார்க்கிற பிரவுசர் என்று நினைத்து நிறுத்தி வைத்தவர்கள் நிறைய. அதன் வேலையே வேறு.

ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிற எஸ்க்யூஎல் சர்வர் ஒவ்வொன்றும் ஒரு இன்ஸ்டன்ஸ். நெட்வொர்க்கில் அதோடு பேசுகிற எண் போட்ட வாசல்தான் போர்ட்; டிசிபி, யுடிபி என்பவை டேட்டா போகிற இரண்டு முறைகள். பெயர் வைக்காத டீஃபால்ட் இன்ஸ்டன்ஸ் வழக்கமாக டிசிபி 1433-இல் இருக்கும், தேட வேண்டியதில்லை. எக்ஸ்பிரஸ் போலப் பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ், முதல் தடவை ஓடும்போது காலியாக இருக்கிற ஒரு போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்த எண் கவுன்டரில் இருக்கிற பில்லிங் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? யுடிபி 1434-இல் இருக்கிற பிரவுசரிடம் இன்ஸ்டன்ஸ் பெயரைச் சொல்லிக் கேட்கும். அது எண்ணைச் சொன்னதும் கவுன்டர் நேராக அங்கே போய்விடும். டேட்டா எதுவும் பிரவுசர் வழியாகப் போகாது. அதனால் அது ஓடுவதால் பில்லிங் வேகம் குறையுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஒரு மொத்த மருந்துக் கடையில்தான் இதன் அருமை எனக்கு உறைத்தது. முன்பு வேலை பார்த்தவர் நான்கு கவுன்டரிலும் சர்வர் பெயருக்குப் பின்னால் கமா போட்டு, அன்றைக்கு இருந்த போர்ட் எண்ணையே எழுதியிருந்தார். கமா போட்டு எண் கொடுத்தால் பிரவுசரை யாரும் கேட்க மாட்டார்கள். ஒருநாள் இரவு கரன்ட் போய் சர்வர் அணைந்து எழுந்தபோது அந்த போர்ட்டை வேறொரு புரோகிராம் பிடித்துக்கொண்டது. எஸ்க்யூஎல் புது எண் எடுத்துக்கொண்டது. காலையில் நான்கு கவுன்டரும் நின்றுபோயின. சர்வரில் மட்டும் பில் போட முடிந்தது, ஏனென்றால் அதே கம்ப்யூட்டருக்குள் போர்ட் எதுவும் இல்லாமல் ஷேர்டு மெமரி வழியாகவே இணைந்துவிடும். "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்றார் அண்ணாச்சி. வெளியே ஆட்கள் சீட்டோடு நின்றிருந்தார்கள்.

கமாவை எடுத்துவிட்டு இன்ஸ்டன்ஸ் பெயரைப் போட்டேன். எரர் 26 வந்தது. 26 என்றால் இன்ஸ்டன்ஸ் எங்கே என்ற கேள்விக்கே பதில் வரவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பிரவுசரை ஆட்டோமேட்டிக்கில் வைத்து ஓடவிட்டு, நெட்வொர்க்கில் வருவதை வடிகட்டுகிற ஃபயர்வாலில் யுடிபி 1434-ஐத் திறந்ததும் 26 போனது. ஆனாலும் இணையவில்லை. பிரவுசர் சரியான எண்ணைத்தான் சொல்லியிருந்தது, அந்த டிசிபி போர்ட்டை ஃபயர்வால் மறித்துக்கொண்டிருந்தது. பலரும் பிரவுசரைத் திட்டுவது இந்த இடத்தில்தான், அது நியாயமில்லை.

அப்புறம் எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபி-யைத் திறந்து, கடைசியில் இருக்கிற ஐபிஆல் பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கி, கீழே 14330 என்று நிலையாகக் கொடுத்தேன். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஃபயர்வாலில் அந்த எண்ணையும் திறந்தேன். நான்கு கவுன்டரும் எழுந்தன. இப்போது எல்லாக் கடையிலும் இப்படித்தான் வைக்கிறேன்: போர்ட் நிலையாக இருக்கும், கவுன்டரில் பெயர் மட்டும் இருக்கும், நடுவில் பிரவுசர். நாளைக்கு எண்ணை மாற்ற நேர்ந்தாலும் ஒவ்வொரு கவுன்டராக உட்கார வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ரவுட்டரில் 1434-ஐ இணையத்துக்குத் திறக்கவே கூடாது. 2003 ஜனவரி 25-இல் ஸ்லாமர் என்கிற, தானே பரவும் கம்ப்யூட்டர் புழு உலகம் முழுக்கப் பரவியது இதே யுடிபி 1434 வழியாகத்தான், வெறும் 376 பைட்டில். அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்திருந்தும் பலர் போடவில்லை. அப்போது இந்த வேலையை எஸ்க்யூஎல் சர்வர் 2000 தானே செய்தது. பிரவுசர் தனி சர்வீஸாக வந்தது 2005 பதிப்பில். ஓட்டை பழைய கதை என்றாலும், கேட்டவர்க்கெல்லாம் இன்ஸ்டன்ஸ் பெயரையும் போர்ட்டையும் சொல்கிற சர்வீஸ் கடைக்குள்ளேயே இருக்கட்டும். கிளைக் கடை வெளியிலிருந்து இணைய வேண்டுமென்றால் விபிஎன் (இணையத்துக்குள் தனியான பாதுகாப்பு வழி) போட்டு, கமாவோடு போர்ட் எண்ணையே கொடுத்துவிடுங்கள்; அங்கே பிரவுசர் தேவையே இல்லை.