நியூ ஓர்லியன்ஸ்: அடிமைக்கு எந்தச் சட்டம் வழிவிட்டது?

இன்றைய அமெரிக்காவின் தெற்கில் உள்ள நியூ ஓர்லியன்ஸ்: ஒரே துறைமுகம், இரண்டு ஆட்சிகள். 1724-இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்நகர் இருந்த லூசியானா காலனியில் கொண்டுவந்த 'கோட் நுவார்' என்னும் அடிமைச் சட்டப்படி, அடிமையை விடுவிக்க உரிமையாளர் மனம் வைத்தால் மட்டும் போதாது. காலனியை ஆண்ட உயர் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்துகொள்ளத் தடை. ஞாயிறு ஓய்வு உண்டு.

1769-இல் ஸ்பானிய நிர்வாகம் காலூன்றியபின் 'கோவார்த்தசியோன்' என்னும் முறை வந்தது. அடிமை தன் விலையைத் தானே கட்டி விடுதலை பெறலாம். உரிமையாளர் மறுத்தால் நீதிமன்றம் போகலாம். மதிப்பீட்டாளர்கள் விலையை நிர்ணயிப்பார்கள். சந்தையில் காய்கறியும் பலகாரமும் விற்றுக் காசு சேர்த்த பெண்கள் பலர் இப்படித்தான் மீண்டார்கள், பிள்ளைகளையும் மீட்டார்கள். சொந்த உடலுக்கே விலை கொடுப்பது கொடுமைதான். ஆனாலும் எசமானின் தயவுக்குக் காத்திருக்க வைக்காத இந்த வழியே மேல் என்பேன். அமெரிக்க ஆட்சி வந்தபின், 1807-இல் சட்டமன்றம் அந்த உரிமையையும் பறித்துவிட்டது.